முனிர்காவில் எழுதிய ஒற்றைக் கோப்பு

தெற்கு டில்லியில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, வடக்கே ராமகிருஷ்ணபுரத்தையும் தெற்கே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும் அண்டை அயலாகக் கொண்டு கிடக்கும் முனிர்கா கிராமத்தின் சந்துகளில், நடுப்பகல் வேளையிலுங்கூடச் சூரிய தரிசனம் கிட்டுவது அபூர்வம். கிராமம் என்பது பெயரளவில்தான். வயல்களெல்லாம் சர்க்கார் காலனிகளாகவும் கல்வி ஸ்தாபனங்களாகவும் மாறிவிட்ட பிறகு, பூர்வ குடிகளான ஜாட் குடும்பத்தினர் தங்களுக்கு எஞ்சிய வீட்டு மனைகளின்மீது மாடிக்கு மேல் மாடியாக எழுப்பிக்கொண்டே போனதன் விளைவாக, எதிரெதிர் வீட்டுப் பால்கனிகளில் நிற்பவர்கள் கையை நீட்டாமலே தீப்பெட்டி மாற்றிக்கொள்ளும் சௌகரியம் அங்கே உண்டு. அத்தகைய வீடொன்றின் மூன்றாவது மாடியில் 2013-ஆம் வருஷம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். சி ப்ளஸ் ப்ளஸ் என்னும் மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு நடந்தே போகலாம், தமிழ்க் குரல் காதில் விழும், வாடகையும் கைக்கு அடக்கம் என்ற மூன்று காரணங்களை முன்னிட்டே அந்த இருட்டைச் சகித்துக்கொண்டேன்.

இரண்டு சந்து தள்ளி, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாத ஒரு கட்டடத்தில் எங்கள் காரியாலயம் இருந்தது. மொத்தம் நாலு பேர். தமிழ் நூல்களுக்குப் பின்னிணைப்பாகச் சொல்லடைவு தயாரிப்பதும், சிறுவர்களுக்கான குறுக்கெழுத்துப் புதிர்களைக் கட்டிக் கொடுப்பதுமே தொழில். இவ்விரண்டு காரியங்களுக்கும் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தைகள் இரண்டே: ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது, சொற்களை அகராதி முறைப்படி அடுக்குவது. இதற்கென்ன பிரமாதம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். கணினியோ ஐந்து என்று சொல்லும். கேட்கிற விதத்தைப் பொறுத்துப் பதினைந்து என்றும் சொல்லும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று யூனிகோட் அட்டவணையில் ஐந்து ஸ்தானங்கள், யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து. அடுக்குவதிலோ விவகாரம் இன்னும் விசேஷமானது. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னுமாக வரும். ஆனால் அட்டவணையில் புள்ளியானது மெய்வரிசை முழுவதற்கும் பின்னால், 3021-ஆவது இடத்தில் போய் உட்கார்ந்திருப்பதால், எண் வரிசைப்படி அடுக்கும் கணினி பகலை முதலில் நிறுத்திப் பக்கத்தைப் பின்னே தள்ளிவிடும். ழகரம் 2996, வகரம் 2997 என்று அங்கே எழுதியிருப்பதைக் கண்டால் எந்தத் தமிழாசிரியரும் பிரம்பை எடுப்பார்.

இந்த ஒழுங்கின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், அது நான் குடியிருந்த இதே நகரத்தில் வந்து நிற்கிறது. டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணிட்டு வெளியிட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறை, பிராமியின் வழிவந்த முக்கிய இந்திய எழுத்துக்களை ஒரே சட்டகத்தில் அமர்த்திற்று. அதன் 1988-ஆம் வருஷத்து வடிவத்தைத்தான் யூனிகோடும் பின்பற்றியது. ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழியின் எழுத்துக்கு மாற்றுவது சுலபமாக வேண்டும் என்பது நோக்கம், நோக்கத்தில் பழுதில்லை. ஆகவே தேவநாகரியில் எந்த ஸ்தானத்தில் எது இருக்கிறதோ, அதற்கு நேரான ஸ்தானத்தில்தான் தமிழெழுத்தும் இருந்தாக வேண்டும். ககரம் 2965-இல் இருக்கிறது; ஙகரம் 2969-இல். நடுவே உள்ள மூன்று இடங்களும் நம்மிடம் இல்லாத மற்ற மூன்று ககரங்களுக்காகக் காலியாக விடப்பட்டவை. ஒரு ஜாண் இடம் கிடைத்தாலும் அதில் ஒரு கழிப்பறையைக் கட்டி வாடகைக்கு விடும் முனிர்காவில் உட்கார்ந்துகொண்டு, 128 மனைகளில் பாதிக்குச் சற்றே குறைவானவை வெற்று மனைகளாய்க் கிடக்கும் அந்த வரைபடத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் பெருமூச்சு வந்ததுண்டு.

எண்ணுவதற்கும் அடுக்குவதற்குமாக ஏறக்குறைய 600 வரிகளில் ஒரு லைப்ரரி எழுதினேன். ('நூலகம்' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் புத்தக அலமாரியைத் தேடுவார், ஆகையால் தொழிலில் புழங்கும் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.) அக்காலத்து வழக்கப்படி அதை இரண்டு கோப்புகளாகப் பிரித்திருந்தேன். இன்னின்ன காரியங்களை இது செய்யும் என்று அறிவிக்கும் ஹெட்டர் கோப்பு ஒன்று. அவற்றைச் செய்யும் விதத்தை உடைய மூலக் கோப்பு ஒன்று. பின்னதைக் கம்பைலரிடம் கொடுத்து எந்திர மொழியாக்கிக் கட்டி வைத்துவிட்டால், உபயோகிப்பவர்கள் ஹெட்டரை மாத்திரம் படித்து, கட்டிய மூட்டையைத் தங்கள் நிரலோடு லிங்கரின் உதவியால் இணைத்துக்கொள்ள வேண்டியது.

கஷ்டம் எங்கே ஆரம்பித்ததென்றால், இந்த லைப்ரரி எங்கள் அறையை விட்டு வெளியே போன நாளில். சென்னையில் எங்களுக்கு வேலை கொடுத்துவந்த ஒரு கம்பெனியார் அதைத் தங்கள் விண்டோஸ் நிரலில் சேர்க்க விரும்பினார்கள். அவர்களிடம் விஷுவல் ஸ்டுடியோவின் 2013-ஆம் பதிப்பும் 2015-ஆம் பதிப்பும் இருந்தன. முன்னதில் கட்டியது பின்னதில் சேராது. சோதனைக்கென்று கட்டும் டீபக் வகை ஒன்று, வெளியீட்டுக்கென்று கட்டும் ரிலீஸ் வகை ஒன்று. இவையும் தம்முள் கலவா. போதாக்குறைக்கு 32 பிட், 64 பிட் என்ற பேதம். ஆக, ஒரே சரக்கை எட்டுப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பினேன். அனுப்பிய மறுவாரம், தாங்கள் இயங்குநேர லைப்ரரியையும் உள்ளேயே அடக்கிக் கட்டுவது வழக்கம் என்றும், அதற்குத் தோதாக இன்னும் எட்டுப் பொட்டலங்கள் வேண்டும் என்றும் கடிதம் வந்தது.

லினக்ஸ் என்றால் இந்தத் தொல்லை இராது என்று எண்ணியிருந்தேன். 2016-ஆம் வருஷத்துக் கோடையில், மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் காரியாலயத்துக் கணினிகளை உபுண்டு 14.04-இலிருந்து 16.04-க்கு மாற்றினோம். முன்னதில் இருந்த கம்பைலர் ஜி.சி.சி. 4.8, பின்னதில் இருந்தது ஜி.சி.சி. 5.4. அந்த ஐந்தாம் தலைமுறையில், எழுத்துச் சரத்தை நினைவகத்தில் வைக்கும் அமைப்பையே 2011-ஆம் வருஷத்துத் தர விதிக்கு ஏற்ப மாற்றி, பழையதோடு புதியது தவறிக்கூடச் சேர்ந்துவிடாதபடி அதன் உட்பெயரிலும் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிட்டார்கள். பழைய கம்பைலரால் கட்டி வைத்திருந்த என் லைப்ரரியைப் புதிய நிரலோடு இணைக்கப் போனபோது, லிங்கரானது திரை நிறைய 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று அழுதது. லைப்ரரி கண்ணெதிரே இருக்கிறது. அதிலே அந்தச் செயற்கூறும் இருக்கிறது. இருந்தும் காணோம் என்கிறது. கூப்பிடுகிற பெயர் வேறு, பதிவான பெயர் வேறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தன.

மறுநாள் இரவு, தோசைக்கு மாவு வாங்குவதற்காக ராமா மார்க்கெட் பக்கம் இருந்த தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் போனேன். முருங்கைக்காய், அப்பளம், வெற்றிலை, அரைத்த மாவு எல்லாம் விற்கும் அந்தக் கடையின் சொந்தக்காரி, வயதில் எனக்குப் பத்து வருஷம் மூத்தவர். அக்கா என்றே அழைப்போம். மாவு அரைக்கிறவர் இட்லியாகவே அவித்து விற்றால் இன்னும் இரண்டு காசு சேர்த்து வருமே என்று, வேறு யோசனையில் இருந்த நான் வாய்க்கு வந்ததைக் கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் பார்த்தாச்சு தம்பி. அவிச்சு வித்தா ஒருத்தருக்கு ஆறிப்போச்சு, ஒருத்தருக்குக் கல்லு மாதிரி, ஒருத்தருக்குச் சின்னது. மாவாக் கொடுத்துட்டா அவங்கவங்க தட்டு, அவங்கவங்க அடுப்பு. புகாரு என்கிட்ட வராது."

கையில் மாவுப் பையுடன் சந்தில் திரும்பி நடந்தபோது, என்னுடைய வியாபாரத்தில் நான் செய்துவந்த பிழை இன்னதென்று தெளிவாயிற்று. அவித்த இட்லியை அனுப்பிக்கொண்டிருந்தேன். மாவை அனுப்பியிருக்க வேண்டும். மூலம் முழுவதையும் ஹெட்டருக்குள்ளேயே வைத்துவிட்டால் முன்கூட்டிக் கட்ட வேண்டியது எதுவுமில்லை. எவர் வீட்டுக் கம்பைலரோ, எந்தப் பதிப்போ, எத்தனை பிட்டோ, அவர் தம் நிரலைக் கட்டும்போது அதுவும் உடன் சேர்ந்து அதே பக்குவத்தில் வெந்துவிடும். தொழிலில் இதற்கு ஹெட்டர்-ஒன்லி லைப்ரரி என்று பெயர்.

இது என் கண்டுபிடிப்பல்ல. அலெக்ஸாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் ஆக்கி, 1994-இல் சி ப்ளஸ் ப்ளஸ் தரக் குழுவினர் ஏற்றுக்கொண்ட எஸ்.டி.எல். என்னும் லைப்ரரியே பெரும்பாலும் ஹெட்டர்களால் ஆனதுதான். அதற்குக் காரணம் டெம்ப்ளேட். எந்தப் பண்டத்துக்கும் பொருந்தும் அச்சாக எழுதப்படும் டெம்ப்ளேட்டை, எந்தப் பண்டத்தை அதில் வார்க்கப் போகிறோம் என்று தெரிகிற இடத்தில்தான் எந்திர மொழியாக்க முடியும். ஆகையால் அச்சின் முழு உருவமும் அந்த இடத்தில் கம்பைலரின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். இதைத் தவிர்ப்பதற்காக 1998-ஆம் வருஷத்துத் தர விதியில் எக்ஸ்போர்ட் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள். ஏறக்குறைய எவரும் அதைக் கம்பைலரில் நிறைவேற்றாமலே காலம் கழிந்து, 2011-இல் விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அணிக்கணிதத்துக்கு எய்கன், படங்களைப் படிப்பதற்கு ஷான் பாரெட் எழுதிய எஸ்.டி.பி. கோப்புகள், ஜேசான் தகவல்களுக்கு நீல்ஸ் லோமான் எழுதியது என்று, கோப்பைப் பிரதி செய்து வைத்தாலே போதும் என்னும் லைப்ரரிகள் எனக்கு முன்பே பிரசித்தமாகியிருந்தன.

மூலக் கோப்பில் இருந்ததை அப்படியே வெட்டி ஹெட்டரில் ஒட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. அதை இரண்டு கோப்புகளிலிருந்து அழைத்த மறுகணமே லிங்கர் மறுபடியும் அழுதது. ஆனால் இம்முறை அழுகை தலைகீழாக இருந்தது. முன்பு 'காணோம்' என்றது இப்போது 'ஒன்றுக்கு மேல் இருக்கிறது' என்றது. ஹெட்டரின் தலையிலே, ஒரு தடவைக்கு மேல் சேர்க்காதே என்று காவல் வைத்திருந்தேனே என்று திகைத்தேன். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காவல், ஒரு மூலக் கோப்பைக் கம்பைலர் படிக்கும்போது மாத்திரம் செல்லும். அடுத்த மூலக் கோப்பைக் கம்பைலர் புது நினைவோடு, முன் ஜன்ம வாசனை சற்றுமின்றித் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிரதி உண்டாகிவிடுகிறது. செயற்கூறுகளின் முன்னால் 'இன்லைன்' என்று எழுத வேண்டும். வேகத்துக்காக இட்ட சொல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அதற்கு, மெய்யான அர்த்தம் இதுதான்: பல பிரதிகள் இருக்க அனுமதி உண்டு, அவை யாவும் ஒன்றே என்று நான் சத்தியம் செய்கிறேன், எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடு. இந்தச் சத்தியத்தைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். அகர வரிசை அட்டவணைக்கு மாத்திரம் அப்போது அந்தச் சலுகை இல்லை. மாறிகளுக்கும் இன்லைன் போடலாம் என்ற வசதி 2017-ஆம் வருஷத்து விதியில்தான் வந்தது. அதுவரை அட்டவணையை ஓர் இன்லைன் செயற்கூறின் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

சென்னைக்கு இம்முறை ஒரே கோப்பாக அனுப்பினேன். பதினாறு பொட்டலங்கள் ஒன்றாய்ச் சுருங்கின. புகார் இரண்டு வந்தன.

இரு மதிப்புகளில் சிறியதைத் தேர்வதற்கு மொழியிலேயே உள்ள 'மின்' என்ற செயற்கூறை ஓரிடத்தில் அழைத்திருந்தேன். விண்டோஸின் பிரதான ஹெட்டர் அதே பெயரில் ஒரு மேக்ரோவை வைத்திருக்கிறது. மேக்ரோ என்பது அர்த்தம் பாராமல் எழுத்தைப் பார்த்து மாற்றிவிடும் முரடன். அவர்கள் நிரலில் அந்த ஹெட்டர் முன்னும் என்னுடையது பின்னுமாக வந்ததால், நான் எழுதாத ஒரு வரியில், எனக்குப் பொருள் விளங்காத ஒரு பிழையைக் கம்பைலர் காட்டிற்று. என் மூலக் கோப்பு என் வீட்டிலேயே இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆசாமிகளோடு அதற்குச் சகவாசமே கிடையாது. இப்போது அது ஊர் ஊராக விருந்துக்குப் போகிறது. எந்த வீட்டில் என்ன ஆசாரமோ அதற்கெல்லாம் கட்டுப்பட்டாக வேண்டும். பெயரைச் சுற்றி அடைப்புக்குறி போட்டால் மேக்ரோ ஏமாந்து போகும் என்ற தந்திரத்தை அப்போதுதான் கற்றேன். இன்றும் என் ஹெட்டரில் அந்த அசிங்கமான அடைப்புக்குறி இருக்கிறது.

இரண்டாவது புகார் என் மனத்தை அதிகம் வருத்தியது. வரிசை அட்டவணையில் அ, ஆ, இ, ஈ என்று தமிழெழுத்தாகவே ஆசையோடு எழுதியிருந்தேன். மைக்ரோசாஃப்ட் கம்பைலர், கோப்பின் தலையில் யூனிகோட் அடையாளம் இல்லாவிட்டால், அது அந்தக் கணினியின் உள்ளூர்க் குறியீட்டில் எழுதப்பட்டதாக அனுமானித்துக்கொள்ளும். அவ்வாறு படித்ததில் என் அட்டவணை பூராவும் பொருளற்ற குறிகளின் குப்பையாயிற்று. 2015-ஆம் பதிப்பின் இரண்டாம் திருத்தத்திலிருந்து யு.டி.எஃப்-8 என்று கட்டளையிட்டுச் சரிசெய்யலாம், உண்மைதான். ஆனால் ஹெட்டர்-ஒன்லி லைப்ரரியை எழுதியவன், உபயோகிப்பவரின் கட்டளை வரியில் கை வைக்க முடியாது. கடைசியில் எழுத்துக்கள் அனைத்தையும் எண்களாக மாற்றினேன். தமிழெழுத்துக்களை எண்ணுவதற்கும் அடுக்குவதற்கும் ஏற்பட்ட அந்தக் கோப்பில், பிறகு ஒரு தமிழெழுத்துக்கூட மிஞ்சவில்லை.

எண்ணும் வேலையில் இன்னொரு சங்கடமும் இருந்தது. 'கோ' என்பதை ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு ஸ்தானத்திலும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டு மூன்று ஸ்தானத்திலும் எழுதலாம், இரண்டும் சமானமே என்று யூனிகோட் சொல்லுகிறது. இதைக் கவனித்துக்கொள்ள இன்னும் நாற்பது வரிகள் சேர்ந்தன.

இனி நிறுவுதல். ஒரே கோப்புதானே, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் எந்தப் பதிப்பை எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்பது போட்டவர்களுக்கே மூன்று மாதத்தில் மறந்துபோயிற்று. ஆகையால் சீமேக் என்னும் கருவியின் துணையோடு முறைப்படி நிறுவும் ஏற்பாட்டைச் செய்தேன். அதிலே ஒரு வேடிக்கை உண்டு. சீமேக்குக்கு லைப்ரரி என்றால் கட்டப்படுவது. நம்முடையதில் கட்ட ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட உருவமற்ற வஸ்துவுக்கு 'இன்டர்ஃபேஸ்' லைப்ரரி என்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கென்று சொந்தத்தில் எந்தப் பொருளும் இல்லை. தன்னை அண்டினவர்களுக்கு, ஹெட்டர் இன்ன அடைவில் இருக்கிறது, இன்ன வருஷத்து மொழி விதி வேண்டும் என்ற குணங்களை மட்டும் அளிக்கும். இருந்தும் அதை 'லிங்க்' செய்வதாகவே எழுத வேண்டும். நிர்க்குணப் பிரம்மத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். குணம் மாத்திரம் இருந்து வஸ்து இல்லாத பிரம்மத்தை அங்கேதான் கண்டேன்.

கட்டும்போது ஹெட்டர் என் மூல அடைவில் இருக்கும்; நிறுவிய பிறகு யூஸ்ர்-லோக்கலின் கீழுள்ள இன்க்ளூட் அடைவில் இருக்கும். இவ்விரண்டு விலாசங்களையும் தனித்தனியே குறித்துக் கொடுக்காவிட்டால், நிறுவிய இடத்திலிருந்து எடுத்து உபயோகிக்க முயல்பவருக்கு, முனிர்காவில் என் வீட்டு அடைவின் விலாசம் போய்ச் சேரப் பார்க்கும்; சீமேக் அதைக் கண்டு அந்த ஏற்பாட்டையே மறுத்துவிடும். முதல் முயற்சியில் அப்படித்தான் ஆயிற்று. பிறகு, தேடினால் அகப்படும்படி ஒரு கன்ஃபிக் கோப்பு, பதிப்பு எண்ணுக்கு ஒரு கோப்பு. பதிப்புக் கோப்பிலோ இன்னொரு தகராறு: 64 பிட் கணினியில் நிறுவியதை 32 பிட் கட்டுமானம் கேட்டால், பொருந்தாது என்று சீமேக் மறுத்துவிடும். எந்திர மொழியில் ஒரு பைட்டுகூட இல்லாத சரக்குக்கு எந்திர பேதம் ஏது? இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு, 3.14-ஆம் பதிப்பில் அதற்கென்று ஒரு குறிச்சொல்லைத் தந்தார்கள். சீமேக் உபயோகிக்காதவர்களுக்காக பி.கே.ஜி-கன்ஃபிக் கோப்பு ஒன்று. அதில் சேர்க்க வேண்டிய அடைவு மட்டும் இருக்கும், இணைக்க வேண்டிய லைப்ரரி என்ற வரி இராது. ஆக, 600 வரி ஹெட்டரை ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்குப் பிரதி செய்வதற்காக நான் எழுதிய வரிகள் 90-க்கு மேல்.

அந்தச் சத்தியத்தின் கதைக்கு வருகிறேன். 'க்ஷ' என்பது ஓர் எழுத்தா, இரண்டா? முதலில் ஓர் எழுத்தாகவே எண்ணினேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துக்கொண்டிருந்த அன்பர் ஒருவர், பேர் சராயில் தேநீர் குடித்தபடி ஒரு மாலை முழுவதும் என்னோடு வாதாடி, அது ககர மெய்யும் ஷகரமும் சேர்ந்த கூட்டே என்று நிலைநாட்டியதன்பேரில், 1.3-ஆம் பதிப்பில் இரண்டாக எண்ணும்படி மாற்றினேன். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு எங்கள் குறுக்கெழுத்து நிரலில் ஒரு பைத்தியக்காரத்தனம் தோன்றியது. 'பக்ஷி' என்ற விடைக்குக் கட்டம் வரைகிற பகுதி மூன்று கட்டம் வரையும். விடையைச் சரிபார்க்கிற பகுதி இரண்டு எழுத்துத்தான் உண்டு என்று சொல்லி, சரியான விடையை எழுதிய குழந்தையைத் தவறு என்று தண்டிக்கும். பிழையைப் பிடிப்பதற்காக டீபக் வகையில் கட்டினால் இரண்டு பகுதிகளும் ஒன்றுபோலப் பதில் சொல்லி, பரம சாதுவாக நடந்துகொள்ளும். டீபக்கிலேயே, இணைக்கும் கோப்புகளின் வரிசையை மாற்றினால், மூன்று என்றிருந்தது இரண்டாகும்!

மூன்று நாள். வாடகை வீட்டில் பேய் இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். பொருட்கோப்புகளில் உள்ள பெயர்களைப் பட்டியலிட்டுப் பார்த்ததில், எண்ணும் செயற்கூறு இரண்டு கோப்புகளிலும் 'பலவீனப் பெயர்' என்ற முத்திரையோடு இருந்தது. ஒன்று, முறைப்படி நிறுவிய 1.3, மற்றது, எங்கள் சகா ஒருவர் என்றோ தம் அடைவில் பிரதி செய்து வைத்து மறந்துபோன 1.2. பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. பிரதிகள் யாவும் ஒன்றே என்று இன்லைன் போட்ட சத்தியம் பொய்யாகிவிட்டது. லிங்கரோ சத்தியத்தை நம்பி, முதலில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டது. ரிலீஸ் வகையில் கம்பைலர் அந்தச் செயற்கூறை அழைத்த இடத்திலேயே கரைத்துவிட்டதால், அவரவருக்கு அவரவர் பதிப்பு. கட்டிய லைப்ரரியாக இருந்த காலத்தில் லிங்கர் திரை நிறைய அழுதது என்று சலித்துக்கொண்டேனே, அந்த அழுகையின் அருமை எனக்கு அந்த மூன்றாம் நாள் இரவில்தான் தெரிந்தது. இப்போது அது அழவே இல்லை.

பரிகாரம் ஒரு வரிதான். செயற்கூறுகளை எல்லாம் பதிப்பெண்ணைப் பெயராகக் கொண்ட இன்லைன் பெயர்வெளிக்குள் வைத்துவிட்டால், எழுதுபவருக்கு வித்தியாசம் தெரியாது; லிங்கருக்கு மட்டும் 1.2-ம் 1.3-ம் வெவ்வேறு ஆசாமிகளாகத் தெரியும். லோமானின் ஜேசான் லைப்ரரியும் 2022-ஆம் வருஷத்து 3.11-ஆம் பதிப்பில் இவ்வாறே பதிப்பெண்ணைப் பெயருக்குள் புகுத்தியதைப் பார்த்தபோது, தனியாக இடறி விழவில்லை என்ற ஆறுதல் உண்டாயிற்று.

மாவுக்கடை அக்காவின் வார்த்தையில் ஒரு பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன் என்பதும் பின்னால் தெரிந்தது. டில்லி ஜனவரிக் குளிரில் மாவு புளிக்காது. பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைத்தாலும் சில நாள் பொங்காது. அந்நாட்களில் கடை வாசலில் நின்று, மாவு சரியில்லை என்று சண்டை போடுகிறவர்களை நானே கண்டிருக்கிறேன். "அவங்க வீட்டுக் குளுருக்கு நான் என்ன தம்பி பண்ணட்டும்?" என்பார் அக்கா. ஹெட்டரில் ஓர் அரைப்புள்ளியைத் திருத்தினாலும் அதைச் சேர்த்த கோப்புகள் அனைத்தும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். 4 ஜி.பி. நினைவகம் கொண்ட எங்கள் கணினியில், ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கீழே இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வரலாம். என் 600 வரி பரவாயில்லை. பெரிய லைப்ரரிகளில் இந்தப் பாரம் தாங்காது. ஒற்றை ஹெட்டருக்காகவே பேர்பெற்ற கேட்ச் என்னும் சோதனை லைப்ரரி, 2022-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, பழையபடி கட்டி இணைக்கும் லைப்ரரியாகிவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன பிரதான காரணம் கம்பைல் நேரந்தான். பூஸ்டின் சிஸ்டம் லைப்ரரியோ 2018 டிசம்பரில் எதிர்த் திசையில், கட்டுவதிலிருந்து ஹெட்டருக்கு மாறிற்று. இரண்டு பேரும் நியாயம் தெரிந்தவர்களே.

2018 மே மாதம் முனிர்காவுக்கு மெட்ரோ வந்தது, வாடகை ஏறியது, நான் வேறிடம் பெயர்ந்தேன். காரியாலயமும் இப்போது இல்லை. கோப்பு மாத்திரம் இருக்கிறது. இன்னும் சிலர் உபயோகிக்கிறார்கள். புதிய கம்பைலர்கள் அதன் 212-ஆவது வரியில், குறியுள்ள எண்ணைக் குறியில்லாத எண்ணோடு ஒப்பிட்டிருப்பதாக ஓர் எச்சரிக்கை தருகின்றன. முறைப்படி நிறுவிக்கொண்டவர்களுக்கு அது தெரிவதில்லை. நிறுவிய ஹெட்டர்களைச் சீமேக் கணினியின் சொந்த ஹெட்டர்களாகப் பாவித்து, அவற்றின் எச்சரிக்கைகளை வாய்மூட வைத்துவிடும். கோப்பைப் பிரதி செய்து தம் அடைவில் போட்டுக்கொண்டவர்களுக்கு மாத்திரம் தெரியும். அவர்களில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, அந்த 212-ஆவது வரி..." என்று ஆரம்பிக்கிறார். எந்தப் பதிப்பை வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.